விஞ்ஞானம் டவுன் பிள்ளைகளுக்கு மட்டுமா?

விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, இராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்த கதையைத்தான் எதிர்பார்த்திருப்பார். அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது கொசுவையும் சோற்றையும் பற்றி. இரண்டும் நம் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நடந்த கதைகள். நம் பள்ளியில் படித்து முடித்து இடைநிலைப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்களை எடுப்பது என்று வீட்டில் பேச்சு வரும்போது, இந்தக் கதைகள் பெற்றோர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் கிள்ளானுக்கு மாவட்ட வைத்தியராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இப்போது நாம் போர்ட் கிள்ளான் என்று சொல்லுகிறோமே, அதுதான். 1972இல் பெயர் மாறியது. துறைமுகம் திறந்த கையோடு வேலையாட்கள் வரிசையாகக் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். கட்டி முடித்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில். நாலே வருஷம் ஆன புதுச் செய்தி. பழைய டாக்டர்கள் பலர் அப்போதும் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாட்சன் புதுச் செய்தியை நம்பினார். ஊரைச் சுற்றியிருந்த சதுப்பை வடிகட்டிக் காட்டை வெட்டச் செய்தார். கிள்ளானிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் 1901இல் ஆஸ்பத்திரிக்கு வந்த மலேரியா நோயாளிகள் 610 பேர். அடுத்த ஆண்டு 199. 1905இல் வெறும் 23.

இதோடு முடிந்திருந்தால் சாதாரணக் கதைதான். ரப்பர் விலை ஏறியது. கரையோரச் சமவெளியைத் தாண்டிக் குன்றுப் பக்கமும் தோட்டங்கள் பெருகின. கிள்ளானில் பலித்த வைத்தியம் குன்றுத் தோட்டங்களில் பலிக்கவில்லை. காட்டை வெட்டினார்கள், கால்வாய் வெட்டினார்கள், காய்ச்சலோ கூடியது. ஏன்? வாட்சன் கொசுக்களைப் பிடித்துப் பிரித்துப் பார்த்தார். கரையோரத்தில் நோய் பரப்பிய கொசு மர நிழலில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவது. நிழல் போனால் அதுவும் போய்விடும். குன்றுப் பக்கத்துக் கொசு வேறு ஜாதி. அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். காட்டை வெட்டியதால் அதற்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது போல் ஆயிற்று! அதன்பிறகுதான் ஓடைகளைக் குழாய் பதித்து மண்ணுக்கடியில் விடுவதும், தண்ணீர் மேல் எண்ணெய் தெளிப்பதும் வந்தன. நம் பாட்டன்மார் மண்வெட்டி பிடித்து வெட்டிய வேலை அது.

'கொசு கெட்டது' என்று மனப்பாடம் செய்வது விஞ்ஞானம் ஆகாது. எந்தக் கொசு, எந்தத் தண்ணீர், ஏன் என்று கேட்டதால்தான் உயிர்கள் பிழைத்தன. இன்று நம்மைப் படுத்துகிற டெங்கிக் கொசு இன்னொரு ஜாதி. அது வீட்டுப் பூச்சட்டித் தட்டிலும் தண்ணீர்ப் பீப்பாயிலும் வளர்கிறது.

அடுத்தது சோற்றுக் கதை. அந்தக் காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப் போகும், வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் தலைமை வைத்தியராக இருந்த பிராடன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு நோய் அதிகம். தமிழர்களுக்கோ அநேகமாக இல்லை. தமிழன் சாப்பிட்டது புழுங்கலரிசி. இதைச் சோதித்துப் பார்க்க, கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளெச்சர் 1905 கடைசியில் ஒரு பரிசோதனை தொடங்கினார். நோயாளிகளில் ஒரு பாதிக்குப் பச்சரிசி, மறு பாதிக்குப் புழுங்கலரிசி. பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் இரண்டே பேருக்கு நோய் இருந்தது. அதுவும் வந்து சேரும்போதே இருந்த நோய். இறந்தவர் ஒருவரும் இல்லை. (மனிதர்களை, அதுவும் சம்மதம் சொல்ல முடியாதவர்களை வைத்து இப்படிச் சோதிக்க இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். அனுமதிக்கவும் கூடாது.)

1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் பிறகு இதை உறுதிப்படுத்தினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் அது போகாது. பச்சரிசியில் அந்தச் சத்து தவிட்டோடு போய்விடும். அதற்குத்தான் பின்னாளில் வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. நம் பாட்டிமார் நெல் அவித்த பானையிலிருந்து உலக மருத்துவம் ஒரு பாடம் படித்தது. அவித்த பாட்டிக்கு அது தெரியாது. நமக்கும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். இந்த ஆராய்ச்சிகளில் நாம் இல்லாமல் இல்லை. தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்று அளக்க வாட்சன் என்ன செய்தார் தெரியுமா? லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று கணக்கு எழுதினார். அந்தக் கணக்கில் எண்ணிக்கையாக இருந்தது நம் பிள்ளைகள். பேனா பிடித்து எழுதியவர் வேறு.

ஏன் அப்படி? தோட்டத்தில் பள்ளி இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே அதைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆனால் அந்தப் பள்ளி எழுத்தும் கணக்கும் கொஞ்சம் கற்றுத்தந்து நின்றுவிடும். மேலே தமிழில் படிப்பு இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போக முடிந்தது. சிங்கப்பூரில் 1905இல் திறந்த மருத்துவப் பள்ளிக்குப் போக அதுதான் வழி. தோட்டத்தில் நம் கண்ணுக்கு எட்டிய பெரிய வைத்தியர் டிரசர் ஐயாதான். ஊசி போடுவார், பிரசவம் பார்ப்பார், மருந்து கலக்குவார். ஆனால் அந்த டிரசர் வேலைக்கும் ஆங்கிலப் படிப்பு வேண்டும். பால்மரம் வெட்டியவர் மகன் டிரசரின் மருந்துப் பெட்டியைத் தூக்கலாம், திறக்க முடியாது.

அந்தக் கதவு இப்போது பூட்டிக் கிடக்கவில்லை. மருத்துவக் கல்வி 1960களிலேயே கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு வந்துவிட்டது. நூற்றுக்கு 60 மாணவர் விஞ்ஞானம், 40 பேர் கலை என்று அரசாங்கம் இலக்கு வைத்தும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் எட்டவில்லை. 2020 முதல் நான்காம் படிவத்தில் விஞ்ஞானப் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பெயர்ப்பலகை இல்லை. பாடத் தொகுப்புகள்தான். பெயர் மாறினாலும் விஷயம் மாறவில்லை: வேதியியலையும் உயிரியலையும் விட்டுவிட்ட பிள்ளை, டாக்டராகவோ மருந்தாளராகவோ ஆக வேண்டும் என்று பிறகு நினைத்தால் சிரமம்தான்.

ஒரு தாயார் என்னிடம் சொன்னார்: "விஞ்ஞானமெல்லாம் டவுன் புள்ளைங்களுக்கு சார். நம்ம புள்ள பெயிலாயிட்டா என்ன பண்றது? சுலபமா எதாச்சும் எடுக்கட்டும்." அவர் பயம் நியாயமானது. டியூஷனுக்குப் பணம் வேண்டும், பஸ் வேண்டும். அதை மறுத்து நான் பெரிய பேச்சுப் பேச மாட்டேன். ஆனால் மதிப்பெண் குறைவதைப் பார்த்து மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல சமயம் காரணம் சொல்தான். ஆறு வருஷம் 'ஒளிச்சேர்க்கை' என்று படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அதையே 'போத்தோசிந்தேசிஸ்' என்று கேட்டு விழிக்கிறது. விஷயம் தெரியும், பேர் தெரியாது. ஒரு நோட்டில் மூன்று கோடு போட்டு, தமிழ்ச்சொல், மலாய்ச்சொல், ஆங்கிலச்சொல் என்று தினம் ஐந்து எழுதினால் ஒரு வருஷத்தில் பாதிப் பயம் போய்விடும். முதல் படிவத்திலேயே தொடங்க வேண்டும். மூன்றாம் படிவக் கடைசியில் தொடங்கினால் மூச்சு முட்டும்.

இன்னொன்று. சுகாதாரத் துறை என்றால் டாக்டர் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். டாக்டர் ஆகவில்லை என்றால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடுகிறோம். டிரசர் ஐயாவின் வேலை இன்று மருத்துவ உதவி அதிகாரி என்ற பெயரில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. தாதி, ஆய்வுக்கூடப் பணியாளர், எக்ஸ்ரே எடுப்பவர், உடற்பயிற்சி சிகிச்சையாளர் என்று எத்தனையோ டிப்ளோமா படிப்புகள் உண்டு. எஸ்.பி.எம்.மில் கணிதத்திலும் ஒரு விஞ்ஞானப் பாடத்திலும் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தால் இவற்றுக்கு முயன்று பார்க்கலாம். வீடு வீடாக வந்து பூச்சட்டித் தட்டையும் பீப்பாயையும் கவிழ்த்துப் பார்க்கும் சுகாதார அதிகாரி இருக்கிறாரே, வாட்சன் கிள்ளானில் செய்த வேலையின் தொடர்ச்சிதான் அவருடையது. அந்தச் சீருடையில் நம் லயத்துப் பெண் ஒருத்தி வந்து என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் புழு இருக்கிறது என்று எனக்கே அபராதம் எழுதினாலும் சந்தோஷமாகக் கட்டுவேன்.

மூன்றாம் படிவக் கடைசியில் பிள்ளை பாடத்தேர்வுப் பாரத்தைக் கையெழுத்துக்குக் கொண்டுவரும். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். பாரத்தையும் மூன்று வருஷ மதிப்பெண் அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு பள்ளிக்கு வாருங்கள். வேலை முடிந்து குளித்துவிட்டு மெதுவாகவே வரலாம்; செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மாலை ஐந்து மணி வரை நான் ஆறாம் வகுப்பு அறையில் இருப்பேன்.