ஒரு தேசம் தேவனோடு செய்த உடன்படிக்கை

1638-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்துக்குள் பிரபுக்களும் நிலக்கிழார்களும் திரண்டிருக்க, நீண்டதொரு சாசனம் உரக்க வாசிக்கப்பட்டு, அதன்கீழ் அவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கையொப்பமிட்டார்கள். அடுத்த நாட்களில் குருமாரும் நகரங்களின் பிரதிநிதிகளும், அவர்களைத் தொடர்ந்து சாமானிய ஜனங்களும் வந்து தங்கள் பெயர்களைச் சேர்த்தனர். கல்லறைப் பலகையொன்றின்மேல் தோலை விரித்துத் தங்கள் உதிரத்தாலேயே எழுதினார்கள் என்று பிற்காலத்தார் சொல்லும் கதைக்கு ஆதாரம் குறைவு. நடந்த நிகழ்ச்சிக்கு அந்த அலங்காரம் வேண்டியதும் இல்லை. சாசனத்தை வரைந்தவர் இருவர்: லூக்கர்ஸ் ஊர்ப் போதகராகிய அலெக்சாந்தர் ஹென்டர்சன் ஒருவர், வாரிஸ்டன் என்ற ஊர்ப்பெயரால் சரித்திரத்தில் வழங்கும் ஆர்ச்சிபால்ட் ஜான்ஸ்டன் என்னும் இளம் வக்கீல் மற்றவர். போதகரின் விசுவாசமும் வக்கீலின் சட்டமும் அந்தச் சாசனத்தில் பிரித்தெடுக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. பின்னால் விளைந்த பெருமைக்கும் துயரத்துக்கும் அந்தப் பின்னலே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

உடனடிக் காரணம் ஒரு ஜெபப் புத்தகம். இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒருசேர ஆண்ட முதலாம் சார்லஸ் மன்னர், இரு ராஜ்யங்களிலும் ஆராதனை ஒரே விதமாக நடைபெற வேண்டுமென்று விரும்பி, ஸ்காட்லாந்தின் பார்லிமென்டையோ திருச்சபையின் பொதுச் சங்கத்தையோ கலக்காமல், புதிய ஜெபப் புத்தகத்தைத் தம் ஆணையால் புகுத்தினார். 1637 ஜூலை 23-ஆம் தேதி எடின்பரோவின் புனித கைல்ஸ் ஆலயத்தில் அதை வாசிக்கத் தொடங்கியதும் கூச்சல் எழுந்தது, முக்காலிகள் பறந்தன. முதல் முக்காலியை வீசியவள் ஜென்னி கெட்டிஸ் என்ற கடைக்காரி என்பது கர்ணபரம்பரைச் செய்தி.

கலகம் செய்வது எந்த நாட்டாருக்கும் எளிது. கலகத்துக்குப் பின் உட்கார்ந்து உடன்படிக்கை எழுதுவது ஸ்காட்லாந்தியருக்கே உரிய வழக்கம். அந்நாட்டுப் பிரபுக்கள் பல தலைமுறைகளாகவே, ஒருவருக்கொருவர் துணை நிற்பதாகப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டு வந்தவர்கள். சமயச் சீர்திருத்தத்தை ஆதரித்த பிரபுக்களும் 1557-இல் அத்தகைய பத்திரம் ஒன்றினாலேயே தங்களைப் பிணைத்துக்கொண்டார்கள். இந்த உலகியல் வழக்கத்தோடு, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு தத்துவமும் வந்து சேர்ந்தது. எடின்பரோ சர்வகலாசாலையின் முதல் தலைவராகிய ராபர்ட் ரோலக், தேவன் மனிதனோடு எப்பொழுதும் உடன்படிக்கையின் மூலமாகவே உறவாடுகிறார் என்றும், ஆதாமோடு கிரியைகளின் உடன்படிக்கையையும், அவன் தவறிய பின்னர் கிறிஸ்துவின் மூலமாகக் கிருபையின் உடன்படிக்கையையும் செய்தருளினார் என்றும் போதித்தார். பத்திரம் எழுதிப் பழகிய ஜனங்களின் காதில் அந்தப் போதனை எவ்வளவு இயல்பாக விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வேதாகமத்தில் உடன்படிக்கை ஒரே சாயலாய் இல்லை. ஆதியாகமத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், ஆபிராம் மிருகங்களைப் பிளந்து துண்டங்களை எதிரெதிரே வைக்கிறான், பொழுது சாய்கிறது, புகையும் சூளையும் எரிகிற தீவட்டியும் அத்துண்டங்களின் நடுவே கடந்து செல்கின்றன. உடன்படிக்கை செய்யும் இரு சாராரும் அவ்வாறு நடுவே கடந்து போவது அக்காலத்து மரபு என்பர். இங்கோ கடந்து சென்றது தேவ சந்நிதானத்தின் அடையாளம் மட்டுமே, ஆபிராம் அயர்ந்த நித்திரையில் கிடக்கிறான். அவன் செய்ததெல்லாம் விசுவாசித்ததுதான். அந்த விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. இதற்கு மாறானது நெகேமியாவின் புத்தகத்தில் வரும் காட்சி: சிறையிருப்பிலிருந்து மீண்ட யூதர்கள், தங்கள் பிதாக்களின் மீறுதல்களை அறிக்கையிட்டுவிட்டு, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வதாக எழுதி, பிரபுக்களும் லேவியரும் ஆசாரியரும் முத்திரை போட, பெயர்கள் வரிசையாகப் பதிவாகின்றன. முன்னதில் வாக்குக் கொடுப்பவர் தேவன். பின்னதில் வாக்குக் கொடுப்பவர்கள் ஜனங்கள்.

ஸ்காட்லாந்தியர் நெகேமியாவின் வழியைப் பற்றிக்கொண்டார்கள். இஸ்ரவேலைப் போலவே தங்கள் தேசமும் தேவனோடு உடன்படிக்கை செய்த தேசம் என்று அவர்கள் மெய்யாகவே நம்பினார்கள். வாரிஸ்டன் தம் நாட்குறிப்பில், கையொப்பம் நிகழ்ந்த நாளை ராஜ்யத்துக்கும் தேவனுக்கும் நடந்த விவாகத்தின் நாளாகவே பாவிக்கிறார். சாசனமோ அத்தனை பரவசமுடையதன்று. 1581-ஆம் ஆண்டின் விசுவாச அறிக்கை முதலிலும், பார்லிமென்டின் சட்டங்கள் நீண்ட வரிசையாக நடுவிலும், புதிய பிரதிக்ஞை இறுதியிலும் அமைய, மன்னரை எதிர்ப்பதாக ஒரு சொல்லும் இன்றி, மெய்யான மார்க்கத்தைக் காக்கும் பணியில் மன்னரைத் தாங்குவோம் என்ற தோரணையில் அது எழுதப்பட்டிருந்தது. மன்னர் அந்த மார்க்கத்துக்கே விரோதமாக நின்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு வக்கீலின் சாதுரியம் விடை எழுதாமல் விட்டுவைத்தது.

பிரதிகள் ஊர்தோறும் சென்றன. சபையார் எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, கண்ணீர் பெருக ஆணையிட்டதை அக்காலத்துப் போதகர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வருஷம் நவம்பரில் கிளாஸ்கோவில் கூடிய பொதுச் சங்கம் அத்தியட்சர்கள் எனப்படும் பிஷப்புகளின் ஆட்சியையே நீக்கிற்று. ஆயினும் வடக்கே அபர்தீன் நகரம் இணங்கவில்லை. அங்கிருந்த வேத சாஸ்திரிகள் அறுவர், இத்தகைய ஆணையைத் தங்கள் மனச்சாட்சி ஏற்காது என்று வாதிட்டு நூல் வெளியிட்டனர். அவர்களுக்கு நியாயம் சொல்லச் சென்ற தூதுக்குழுவில் மொன்ட்ரோஸ் பிரபுவும் ஒருவர். மறு வருஷம் அதே மொன்ட்ரோஸ் படையோடு அந்நகருக்குள் புகுந்தார். 1640-இல் பார்லிமென்டு உடன்படிக்கையை உறுதி செய்து, கையொப்பமிடுதலைக் கட்டாயமாக்கியது. பின்னாளில் மன்னர்கள் இழைத்த கொடுமைகளைக் காட்டிலும் இந்தச் சட்டமே உடன்படிக்கைக்குப் பெரிய காயம் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணீரோடு உயர்ந்த கை வேறு. தண்டனைக்கு அஞ்சி உயர்ந்த கை வேறு. சாசனத்திலோ இரண்டும் ஒன்றுபோலவே பதிந்தன.

1643-இல், மன்னரோடு போரில் இருந்த இங்கிலாந்துப் பார்லிமென்டுடன் இரண்டாம் உடன்படிக்கை பிறந்தது. ஸ்காட்லாந்து படை கொடுக்க, இங்கிலாந்து தன் திருச்சபையைச் சீர்திருத்துவதாக ஏற்றுக்கொண்டது. ஆங்கிலேயர் அதனை ராணுவ உதவிக்கு ஈடான வாக்குறுதியாகவே எண்ணியிருக்க, ஸ்காட்லாந்தியர் மூன்று ராஜ்யங்களையும் கட்டும் நித்தியப் பிரமாணமாக எண்ணினர். மொன்ட்ரோஸ் இதை ஏற்காமல் மன்னர் பக்கம் சாய்ந்து, ஒரு காலத்தில் உடன்படிக்கைக்காகத் தாம் பிடித்த அபர்தீனை, 1644-இல் மன்னருக்காகப் பிடித்தார். அவருடைய போர்வீரர்கள் அதைச் சூறையாடினார்கள். 1650 மே மாதம் எடின்பரோவில் தூக்கிலிடப்படும் முன்னர், முதல் உடன்படிக்கைக்குத் தாம் துரோகம் செய்யவில்லை என்பதே அவருடைய நிலை. அந்தச் சாசனத்தின் வாசகத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவர் அவர் கூற்றை எளிதில் மறுத்துவிட முடியாது.

அவர் மாண்ட அடுத்த மாதமே, தகப்பனாகிய முதலாம் சார்லஸைப் பறிகொடுத்திருந்த இரண்டாம் சார்லஸ், கப்பலிலிருந்து ஸ்காட்லாந்தின் கரையில் இறங்கும் தறுவாயில் இரு உடன்படிக்கைகளுக்கும் இணங்கி ஆணையிட்டார். அவருடைய உள்ளம் அதில் இல்லை என்பதை அறிந்தே போதகர்கள் அந்த ஆணையை வாங்கினார்கள். செப்டம்பர் மாதம் டன்பார் போர்க்களத்தில், ஸ்காட்லாந்துப் படையின் அடையாளச் சொல் ‘உடன்படிக்கை’. குரோம்வெல்லின் ஆங்கிலப் படைக்கோ ‘சேனைகளின் கர்த்தர்’. தேவனைத் தங்கள் பட்சம் என்று நம்பிய இரு சேனைகளில் ஒன்று பகலேறுவதற்குள் சிதறியது. 1651 ஜனவரி முதல் தேதி ஸ்கோனில் முடிசூட்டிக்கொண்டபோதும் மன்னர் மீண்டும் ஆணையிட்டார்.

இழந்த அரியணை 1660-இல் அவருக்குத் திரும்பியதும் அந்த ஆணைகளின் தரம் தெரிந்தது. உடன்படிக்கைகள் சட்டவிரோதம் எனப்பட்டன. வாரிஸ்டன் 1663-இல் எடின்பரோவில் தூக்கிலேறினார். அத்தியட்சர் ஆட்சிக்கு இணங்காத போதகர்கள் ஏறத்தாழ 270 பேர் தங்கள் சபைகளை இழந்தனர். ஜனங்கள் மலைச்சாரல்களிலும் பாழ்நிலங்களிலும் காவல் வைத்துக்கொண்டு ஆராதனை செய்தார்கள். அவ்வாறு வெளிநிலத்தில் பிரசங்கிப்பவருக்கு 1670-இன் சட்டம் மரண தண்டனை விதித்தது. 1679 ஜூன் மாதம் ஆயுதமேந்தி எழுந்து, பாத்வெல் பாலத்தருகே அரசுப் படையிடம் தோற்றுப் பிடிபட்டவர்களில் சுமார் 1,200 பேர், கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய வெளியிலேயே பல மாதங்கள் அடைக்கப்பட்டனர். இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று பத்திரம் எழுதிக் கொடுத்தவர்களுக்கு விடுதலை. கையொப்பத்தின் கனத்தை அறிந்திருந்த காரணத்தால் அதை மறுத்தவர்கள் உண்டு. தீவாந்தர சிட்சைக்காகக் கப்பலேற்றப்பட்ட இருநூற்றுக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர், டிசம்பரில் ஆர்க்னித் தீவுகளருகே கப்பல் உடைந்து மூழ்கி இறந்தனர்.

அடுத்த ஆண்டு ரிச்சர்டு கேமரனும் அவரைச் சேர்ந்த சிலரும் சாங்குர் என்ற சிற்றூரின் நாற்சந்தியில் நின்று, உடன்படிக்கையை மீறிய மன்னர் இனித் தங்களுக்கு மன்னரல்லர் என்று அறிக்கை வாசித்தார்கள். நாடு முழுவதும் அவர்களைப் பித்தர் என்றது. கேமரன் ஒரு மாதத்துக்குள் கொல்லப்பட்டார். 1689-இல் ஸ்காட்லாந்தின் பிரதிநிதி சபையே, இரண்டாம் சார்லஸை அடுத்து ஆண்ட ஏழாம் ஜேம்ஸ் மன்னர் தம் செய்கைகளால் முடியை இழந்துவிட்டார் என்று தீர்மானித்தது. மறு வருஷம் அத்தியட்சர்கள் இல்லாத மூப்பர் ஆட்சித் திருச்சபை சட்டப்படி நிலைநிறுத்தப்பட்டது. உடன்படிக்கைகளை மட்டும் யாரும் புதுப்பிக்கவில்லை. மூப்பர் ஆட்சி கிடைத்ததே போதும் என்று பெரும்பாலோர் அமைந்துவிட, கேமரனின் வழி வந்தவர்கள் அந்தத் திருச்சபையிலும் சேராமல், உடன்படிக்கைக்கு ஆணையிடாத அரசின் தேர்தலில் வாக்களிப்பதும் பாவம் என்று விலகியே வாழ்ந்தார்கள். 1863-இல்தான் அவர்களுடைய சபைச் சங்கத்தின் பெரும்பான்மையோர், வாக்களித்தவர்களைச் சபையை விட்டு விலக்க வேண்டியதில்லை என்று இசைந்தனர். சிலர் அதற்கும் இசையாமல் பிரிந்து போனார்கள்.