சுரூபம் இறங்கிய சிலுவை

மலாக்கா தோட்டங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் எப்போதும் கொஞ்சம்தான். ஆனாலும் எந்த வீட்டுச் சுவரில் எந்தச் சிலுவை என்பது லயம் முழுக்கத் தெரியும். மரத்தில் இயேசு தொங்கினால் ஆர்.சி. வீடு. வெறும் மரமாக இருந்தால் மெதடிஸ்டோ ஆங்கிலிக்கனோ. “அவர்தான் உயிர்த்துவிட்டாரே, இன்னுமா இறக்கவில்லை?” என்று ஒரு தரப்பு சீண்டும். “பாடு இல்லாமல் உயிர்ப்பு ஏது?” என்று மறுதரப்பு மடக்கும். ஜாசின், அலோர் காஜா பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த வழக்கின் பழைய ஏடுகள் மலாக்கா குன்றின் மேல் இருக்கின்றன. 1511இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் நகரைப் பிடித்தார். 1521இல் இன்னொரு போர்த்துக்கீசியரான துவார்த்தே கொயெல்யோ குன்றின் உச்சியில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார். 1545இல் அங்கே வந்து இறங்கிய சவேரியார் நமக்கு அந்நியர் அல்லர். முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மயிலாப்பூர் வழியாக வந்தவர். மலுக்குத் தீவுகளில் கடலுக்குள் விழுந்த அவருடைய பாடுபட்ட சுரூபத்தை ஒரு நண்டு கவ்விவந்து கரையில் கொடுத்ததாகக் கதை. ஓட்டில் சிலுவைக் கோடு போட்ட அந்த நண்டைத் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் சிலுவை நண்டு என்றுதான் சொல்கிறார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். சவேரியாரை நினைத்தால் கையில் சுரூபத்தோடுதான் அந்தக் காலத்து மலாக்கா நினைத்தது என்பது மட்டும் அதில் தெரிகிறது.

1641 ஜனவரியில் டச்சுக்காரர்கள் நகரைக் கைப்பற்றியதும் காட்சி மாறியது. குன்றின் மேலிருந்த அந்தக் கோவிலைத் தங்கள் ஆலயமாக்கிக்கொண்டார்கள். கத்தோலிக்கர்கள் ஒளிந்து மறைந்து பூசை கண்டார்கள். டச்சுக்காரர்கள் கால்வினின் வழி வந்தவர்கள். 1563இல் வெளியான அவர்களது ஹைடல்பெர்க் ஞானோபதேசம், ஆலயத்தில் உருவங்களே கூடாது என்று 98ஆவது கேள்வியில் கறாராகச் சொல்கிறது. விக்கிரகம் செய்யாதே என்ற கட்டளைதான் காரணம். உயிர்ப்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அந்தக் கால டச்சு ஆலயங்களில் வெறும் சிலுவைக்குக்கூடப் பெரிய இடம் கிடையாது. ‘கல்லறை காலி, அதனால் சிலுவையும் காலி’ என்ற அழகான விளக்கம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. தோட்டத்து வழக்கில் பாதி இங்கேயே தள்ளுபடியாகிறது.

கெடுபிடி தளர்ந்த பின், 1710இல் புனித பேதுரு ஆலயம் எழுந்தது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்கக் கோவில்களில் அதுவே பழையது. பெரிய வெள்ளி இரவில் அங்கே போனால் ‘இறக்கவில்லையா’ என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் கிடைக்கும். மரித்த இயேசுவின் ஆளுயரச் சுரூபத்தைக் கிடத்தி, மெழுகுவர்த்திகளோடு பவனி வருகிறார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் வெற்றியின் நூற்றாண்டுக்காக 1741இல் தொடங்கி 1753இல் முடித்ததுதான் இன்று சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கும் கிறைஸ்ட் சர்ச். ஆங்கிலேயர் கைக்கு வந்த பின் 1838இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் அதை ஆங்கிலிக்கன் முறைப்படி அர்ச்சித்தார்.

தமிழர் கதைக்கு வருவோம். 1896இல் மலாக்காச் சீனரான டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். பால்மரம் வெட்ட வந்த கிறிஸ்தவத் தமிழர்களின் பெட்டியில் எந்தச் சிலுவை இருந்தது? அவர்கள் ஊருக்கு எந்த மிஷன் முதலில் வந்ததோ, அதன் சிலுவை. ஆராய்ந்து தேர்ந்தெடுத்தவர்கள் மிகக் குறைவு என்பதே என் எண்ணம்.

சுரூபம் என்றால் கத்தோலிக்கம், வெறுமை என்றால் புரொட்டஸ்டன்ட் என்ற கணக்கும் தேறாது. லூத்தர் சுரூபத்தை விலக்கவில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க் அவர் வழிக்காரர். அந்தத் தமிழ் லூத்தரன் மரபில் முளைத்த சபை மலேசியாவில் 1962இல் தன்னாட்சி பெற்றது. மறுபுறம், 1547இல் பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த பகலவி எழுத்துக் கற்சிலுவையில் இயேசுவின் உருவம் கிடையாது. அது செதுக்கப்பட்டபோது லூத்தரும் இல்லை, கால்வினும் இல்லை. கத்தோலிக்கர்கள் இன்றும் அதை வணங்குகிறார்கள். ரோமாபுரியின் சாந்தா சபீனா கோவில் கதவிலோ, ஐந்தாம் நூற்றாண்டிலேயே அறையுண்ட இயேசு இருக்கிறார். இரண்டுக்குமே வயது, சண்டையைவிட அதிகம்.

1849இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஃபாவ்ரே தொடங்கிய புனித சவேரியார் கோவில், கிறைஸ்ட் சர்ச்சிலிருந்து நடக்கும் தூரம்தான். இரண்டிலும் தமிழ் வழிபாடு உண்டு. அடுத்த முறை மலாக்கா போகும்போது இரண்டுக்குள்ளும் போய்ப் பீடத்தை ஒருமுறை பாருங்கள்.