சட்டாம்பிள்ளையும் திண்ணைப் படியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களில் எழுத்தும் கணக்கும் கற்பிக்கப்பட்ட இடம் பெரும்பாலும் ஊரில் வசதியுள்ள ஒருவரின் வீட்டுத் திண்ணையாகவோ, கோயில் மண்டபமாகவோ, சாவடியாகவோ இருந்தது. ஐயா என்றும் அண்ணாவி என்றும் உபாத்தியாயர் என்றும் அழைக்கப்பட்ட ஓர் ஆசிரியரிடம், மணலில் விரலால் 'அ' எழுதத் தொடங்கிய சிறுவன் முதல் ஓலையில் எழுத்தாணி பிடித்து நிகண்டு படிக்கும் இளைஞன் வரை எல்லாரும் ஒரே இடத்தில் பயின்றனர். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியவற்றோடு எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று எனப்பட்ட கணக்கு வாய்பாடுகளும் மனப்பாடமாக ஏற வேண்டியிருந்தன. வயதும் பாடமும் வெவ்வேறான அத்தனை பிள்ளைகளையும் ஒருவரே நடத்துவது இயலாது என்பதால், அவருடைய அதிகாரத்தின் ஒரு பங்கு மாணவர்களில் மூத்தவன் ஒருவனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவனே சட்டாம்பிள்ளை.

பிள்ளைகளிடம் முறை கேட்பது, அதாவது மனனம் செய்ததை ஒப்பிக்கச் சொல்லிச் சரிபார்ப்பது, யார் முதலில் வந்தார், யார் பிந்தினார் என்று கணக்கு வைப்பது, ஐயா இல்லாத நேரத்தில் இரைச்சல் எழாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை சட்டாம்பிள்ளையின் வேலைகள். வருகைக் கணக்கு எவ்வாறு உடம்பில் எழுதப்பட்டது என்பதை அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரி மாவட்டத்தின் ஆட்சியர் கேம்பல் 1823இல் அனுப்பிய அறிக்கை காட்டுகிறது. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும்; இரண்டாவதாக வந்தவனின் கையில், புகழும் இல்லை பழியும் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி; மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வரும் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடுதல். சோம்பலான பிள்ளைகளைக் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதையும், ஓயாமல் உட்கார்ந்து எழச் செய்வதையும் அதே அறிக்கை குறிப்பிடுகிறது. கயிற்றில் தொங்கவிடும் இந்தத் தண்டனைக்குத் தமிழ்ப் பள்ளிகளில் கோதண்டம் என்று பெயர். உட்கார்ந்து எழுவதைத் தோப்புக்கரணம் என்று இன்றும் எல்லாரும் அறிவர்.

அந்த உள்ளங்கைக் கணக்கு சற்று நின்று பார்க்கத் தக்கது. இருபதாவதாக வந்த சிறுவன் நேரம் தவறியிராமல் இருக்கலாம். அவனுக்கு முன் பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள் என்பது ஒன்றே அவன் குற்றம். எத்தனை பேர் விடியற்காலையில் ஓடிவந்தாலும் ஒருவன் கடைசியாக நின்றே தீர வேண்டும் என்பதால், அடி ஒருநாளும் ஓய்வதில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் முந்துவதிலேயே குறியாக இருந்தமையால் ஐயாவின் பிரம்பை எதிர்த்து ஒன்றுசேரும் எண்ணம் எழவும் வழியில்லை. நேற்றுவரை கூட உட்கார்ந்திருந்தவனே இன்று கணக்கெடுப்பவனாகிவிடும்போது, மேலிருப்பவரின் அதிகாரம் கீழிருப்பவர்களின் கைகளாலேயே செலுத்தப்படுகிறது. ஊரில் எவரேனும் கேட்காமலே அதிகாரம் செய்தால் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்று தமிழர் இன்றளவும் கடிந்துகொள்வது அந்தப் பழைய மனக்காயத்தின் தழும்பு என்றே கொள்ளலாம்.

இம்முறையின் அடுத்த பயணம் வியப்புக்குரியது. 1787இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரு பெல், 1789இல் எழும்பூரில் தொடங்கப்பட்ட படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்றார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே மிகுதி. உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட பெல், அதைத் தம் இல்லத்திலும் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அது பலித்தது. 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட சிறுநூலின் வழியாக, பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாடு இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்று பெயர்பெற்றது. பிரம்படியை வெறுத்த பெல், குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதியச் செய்து, மாணவர்களே நடுவர்களாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். இவ்வாறு தண்டனை முதுகை விட்டு மானத்தின்மீது இறங்கியது.

ஆலைகள் பெருகிய இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் எழுத்தறிவும் கீழ்ப்படிதலும் கற்பிக்க வேண்டும் என்று கருதியவர்களுக்கு இம்முறை பெரும் வாய்ப்பாயிற்று. இதே வகை முறையைத் தம் வழியில் நடத்திய ஜோசப் லங்காஸ்டர், ஓர் ஆசிரியரைக்கொண்டு ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்றார். பெல்லோ, கூலி உழைப்புக்கென்று விதிக்கப்பட்டவர்களுக்கு அளவின்றிக் கல்வி தந்தால் அவர்களுடைய மனம் தம் நிலைக்குமேல் உயர்ந்துவிடும் என்று வெளிப்படையாகவே அஞ்சினார். சென்னை மணலில் முளைத்த ஒரு சிக்கன ஏற்பாடு, கல்வியைக் கொடுத்துக்கொண்டே அதன் எல்லையைக் குறுக்கும் கருவியாக அங்கே மாறிப்போனது. கேம்பல் பெல்லாரிப் பள்ளிகளின் இம்முறையைப் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று எழுதியபோது, அதன் மறுபக்கத்தை அவர் எடைபோடவில்லை.

சட்டாம்பிள்ளையின் பிரம்பு படுவதற்குக்கூட முதலில் திண்ணைப் படி ஏற வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகளை 1826இல் தொகுத்தபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெல்லாரியில் மட்டும் 9,27,857 மக்களுக்கு 533 பள்ளிகளும் 6,641 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண்பிள்ளைகள் 60 பேரே. கைகால் வேலைக்கு உதவும் பருவம் வந்தவுடன் ஏழைப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டனர் என்கிறார் கேம்பல். இக்கணக்கை 1983இல் நூலாக வெளியிட்ட தரம்பால், தமிழ் மாவட்டங்களில் பிராமணர் அல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை என்பதைச் சுட்டிக்காட்டி, ஆங்கிலேயர் வருமுன் இங்கே கல்வி இல்லை என்ற கூற்றைத் தகர்த்தார். அது வேண்டிய பணியே. ஆயினும் கணக்கெடுப்பில் 'சூத்திரர்' எனக் குறிக்கப்பட்ட தொகுதியில் நிலமுடைய வேளாளர் முதலியோரும் அடங்குவர் என்பதையும், தெருவில் நடக்கவே தடுக்கப்பட்ட பறையர், பள்ளர், சக்கிலியர் பிள்ளைகள் அதே தெருவின் திண்ணையில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அரிது என்பதையும் அந்தப் பெருமிதம் மறைத்துவிடக் கூடாது.

அந்த விலக்கு எங்கே வலித்தது என்பதைப் பாடத்திட்டமே சொல்கிறது. நெல்லிலக்கம் என்பது செவிடு, ஆழாக்கு, உழக்கு, நாழி, குறுணி, கலம் என நெல்லை அளக்கும் வாய்பாடு. குழிமாற்று என்பது நிலத்தின் நீள அகலத்தைப் பெருக்கிப் பரப்புக் காணும் வாய்பாடு. ஒன்றை 320 கூறாக்கிய முந்திரி என்னும் சிறு பின்னம் வரை திண்ணைச் சிறுவன் ஒப்பித்தான். வளர்ந்தபின் அவன் கணக்குப்பிள்ளையாகவோ மிராசுதாராகவோ களத்துமேட்டில் உட்கார்ந்தான். அக்களத்தில் கூலி நெல்லுக்காகத் துணியை விரித்து நின்ற பண்ணையாளோ, தன் கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பதை ஓலையில் எழுதியவன் வாயால்தான் கேட்டறிய வேண்டியிருந்தது. முந்திரி முந்திரியாகக் குறைத்து எழுதினாலும் அதைத் தட்டிக் கேட்கும் கணக்கு அவனிடம் இல்லை.

1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு மானியமும் மேற்பார்வையாளர் வருகையும் திண்ணைவரை வந்தன. தேர்வில் தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி மானியம் என்ற ஏற்பாட்டில், சட்டாம்பிள்ளையை நடுங்கவைத்த ஐயாவே மேற்பார்வையாளர் முன் நடுங்கும் நிலை ஏற்பட்டது. அடுக்கு ஒன்று கூடியதே தவிர, படி அப்படியே இருந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து எழுதிய குறிப்புக்குப் பிறகு, 1893இல் அரசு, பஞ்சமர் என்று அன்று குறிக்கப்பட்ட அம்மக்களின் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் அடையாற்றை ஒட்டி முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அக்கிரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் நடந்த பள்ளிகளை எல்லாரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 1919இல் ஆணை வந்தது என்பதே, அதுவரை அவை எவ்விடத்தில் இருந்தன என்பதற்குச் சான்று.

ஆனால் ஊர்ப் பள்ளியைத் திறந்துவிடுவதைக் காட்டிலும் சேரிக்கருகே தனிப் பள்ளி கட்டுவது எதிர்ப்பில்லாத வழியாக இருந்தது. 1920களில் தொழிலாளர் துறை நடத்திய அத்தகைய பள்ளிகளை மக்கள் லேபர் ஸ்கூல் என்றே அழைத்தனர். சேரிப் பிள்ளைக்குப் பலகையும் சிலேட்டும் முதன்முதலாகக் கிடைத்தது அங்கேதான், கிடைத்த இடம் ஊருக்கு அப்பால் என்பதும் உண்மைதான். அவை பின்னர் ஹரிஜன நலப் பள்ளிகளாகி, இப்போது ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்ற பெயரோடு, கல்வித் துறையின்கீழ் அல்லாமல் நலத் துறையின்கீழ்த் தனியே இயங்கி வருகின்றன.