வாங்காத மன்னிப்பு

கிறிஸ்தவப் பிரசங்க மேடைகளில் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் கதை ஒன்று உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஒருவனுக்கு அமெரிக்க ஜனாதிபதி மன்னிப்பு அளித்தார். அவன் வேண்டாமென்று மறுத்துவிட்டான். ஏற்காத மன்னிப்பு மன்னிப்பே அல்ல என்று கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிற்று. மன்னிப்புக் காகிதம் மேஜைமேல் கிடக்க, அவன் தூக்கில் தொங்கினான். தேவனுடைய மன்னிப்பும் இப்படித்தான், கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று பிரசங்கி முடிப்பார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, இவ்வளவு கச்சிதமாக முடியும் கதையைக் கேட்டால் சந்தேகம் வராமல் இராது. ஆனால் இதில் பெரும்பகுதி சரித்திரம்.

1829-ஆம் வருஷம் பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஜார்ஜ் வில்ஸன், ஜேம்ஸ் போர்ட்டர் என்ற இருவர் ரெடிங் தபால் வண்டியைக் கொள்ளையடித்தார்கள். வண்டிக்காரனின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கித் தபாலைக் கொள்ளையிட்டால் அந்நாளில் மரண தண்டனை. 1830-ல் இருவருக்கும் அதுவே விதிக்கப்பட்டது. வில்ஸனுக்காக வேண்டியவர்கள் மனுப் போட்டார்கள். ஜூன் 14-ஆம் தேதி ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன் அவனுக்கு உயிர்ப்பிச்சை அளித்தார். போர்ட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஜூலை 2-ஆம் தேதி அவன் தூக்கிலிடப்பட்டான்.

வில்ஸன்மேல் வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. அந்த விசாரணையில், ஜனாதிபதியின் மன்னிப்பைக் காட்டித் தப்ப விரும்புகிறாயா என்று கேட்டார்கள். அதனால் எந்தப் பயனும் அடைய விரும்பவில்லை என்று சொல்லிவிட்டான். விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1833-ல் பிரதம நீதிபதி ஜான் மார்ஷல் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: மன்னிப்பு ஒரு தானப் பத்திரம் போன்றது. கொடுப்பவர் நீட்டினால் மட்டும் போதாது. பெறுகிறவர் வாங்கினால்தான் கொடுத்ததாக ஆகும். வேண்டாம் என்கிறவன்மேல் அதைத் திணிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை.

அந்தத் தீர்ப்பில் வில்ஸனைத் தூக்கிலிடும் பேச்சே கிடையாது. தூக்கில் தொங்கியவன், மன்னிப்பே கிடைக்காத போர்ட்டர். மேடையேறியபோது இருவரும் ஒருவராகிவிட்டார்கள் போலும்!

வில்ஸன் ஏன் மறுத்தான்? காரணத்தை அவன் சொல்லவில்லை. ஆனால் 1915-ல் அதே சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த இன்னொரு வழக்கில் காரணம் தெளிவாக இருக்கிறது. ஜார்ஜ் பர்டிக் என்ற பத்திரிகை ஆசிரியர், ஒரு செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று சொல்ல மறுத்தார். சொன்னால் தம்மீதே குற்றம் வந்து சேரும் என்றார். அந்தச் சாக்கை நீக்குவதற்காக ஜனாதிபதி உட்ரோ வில்ஸன் முன்கூட்டியே மன்னிப்பை நீட்டினார். பர்டிக் வாங்கவில்லை. கோர்ட்டும் அவர் பக்கமே நின்றது. மன்னிப்பை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்றது.

நுட்பம் இங்கேதான் இருக்கிறது. மன்னிப்பு இலவசம்தான், ஆனால் கையை நீட்டுகிறபோதே 'நான் செய்தேன்' என்று சொன்னதாக ஆகிவிடுகிறதே! அந்த ஒரு சொல்லுக்குத்தான் மனுஷன் அஞ்சுகிறான்.

பிறகு சட்டம் சற்றுத் திரும்பியது. 1927-ல் நீதிபதி ஹோம்ஸ், மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதற்குக் கைதியின் சம்மதம் தேவையில்லை என்றார். அது தனிப்பட்ட தயவு அல்ல, ராஜ்யத்தின் பொது நன்மையைக் கருதிய காரியம் என்பது அவர் கருத்து. திருச்சபைக்கும் இந்தச் சர்ச்சை புதிதல்ல. 1618, 1619-ஆம் வருஷங்களில் ஹாலந்தில் டார்ட் நகரத்தில் கூடிய மதச் சங்கம் இதைத்தான் வாதித்தது. தேவ கிருபையை மனுஷன் தள்ளிவிட முடியும் என்றது ஒரு கட்சி. தேர்ந்துகொள்ளப்பட்டவனிடம் அது தவறாமல் பலித்தே தீரும் என்றது மறு கட்சி. மறு கட்சி ஜயித்தது. ஆனாலும் வாதம் ஓயவில்லை.

பண்டிதர்களின் வழக்கு ஒரு புறம் இருக்கட்டும். லூக்காவின் சுவிசேஷத்தில் வரும் கெட்ட குமாரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் இளையவன், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வார்த்தையை வழியிலேயே தயார் செய்துகொண்டு வருகிறான். ஆகையால் தகப்பன் நீட்டிய கைக்குள் சுலபமாக விழுந்துவிடுகிறான். மூத்தவன் யோக்கியன். ஒருநாளும் சொல்லைத் தட்டாதவன். வீட்டுக்குள் விருந்தும் வாத்தியமுமாக இருக்கும்போது, அவன் கோபத்துடன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். தகப்பனே எழுந்து வந்து அவனை வருந்தி அழைக்கிறார்.

அவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை. கதை அங்கேயே நின்றுவிடுகிறது. வில்ஸனைத் தூக்குமரம்வரை கொண்டுபோன பிரசங்கிகளைவிட, லூக்காவுக்குக் கதை சொல்லத் தெரிந்திருக்கிறது. தன்னிடம் மன்னிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று நம்புகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக எந்தத் தகப்பனாலும் முடியாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கத்தான் முடியும்.