நுண்முகபாவம் அறிதல்

உள்ளத்தில் எழும் உணர்ச்சியை ஒருவர் அடக்க முயலும்போது, அதையும் மீறி முகத்தில் தோன்றி அரை நொடிக்குள் மறையும் தசையசைவு நுண்முகபாவம் எனப்படும். காணொளியிலிருந்து கணினி அதை இனங்கண்டு வகைப்படுத்துவதே நுண்முகபாவம் அறிதல். மனித அசைவுகளைப் படிக்கும் இயந்திரக் கற்றலில் மிகச் சிறிய அசைவுகளைக் கையாளும் கிளை இது. இதில் குறிப்பிடத்தக்க ஆய்வு ஒன்று தமிழக எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் நடந்தது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் இப்போது உள்ளது.

தோற்றம்

பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத்தசைகளில் மின்சாரம் செலுத்தி, எந்தத் தசை எந்தப் பாவத்தைத் தருகிறது என்பதை 1862இல் நூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் ஹாகார்டும் ஐசக்ஸும் உளசிகிச்சைப் படச்சுருள்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, வழக்கமான வேகத்தில் கண்ணுக்குத் தப்பிய பாவங்கள் தென்பட்டன. 1966இல் அதை அறிவித்தார்கள். பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1969இல் இப்பாவங்களை மறைத்தலோடும் ஏமாற்றுதலோடும் இணைத்து விளக்கினர். முகத்தசை ஒவ்வொன்றின் அசைவுக்கும் எண் தரும் குறியீட்டு முறையை இவ்விருவரே 1978இல் வகுத்தனர்.

பதிவுத் தொகுப்புகள்

நடித்துக் காட்டும் பாவம் நுண்முகபாவம் ஆகாது. ஆகவே உணர்ச்சியைத் தூண்டும் படங்களைத் திரையிட்டு, பார்ப்பவர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று சொல்லிப் பதிவு செய்கிறார்கள். பிறகு பயிற்சி பெற்றவர்கள் சட்டகம் சட்டகமாகப் பார்த்து உணர்ச்சியைக் குறிக்கிறார்கள். இவ்வளவு உழைப்பு தேவைப்படுவதால் தொகுப்புகள் சிறியவை. ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட ‘ஸ்மிக்’ தொகுப்பில் 16 பேரின் 164 துணுக்குகளே உள்ளன. சீன அறிவியல் கழகத்தின் ‘கேஸ்மி 2’ தொகுப்பு (2014) 26 பேரை நொடிக்கு 200 சட்டகங்கள் வீதம் படம்பிடித்தது. ஐந்தில் ஒரு நொடி நீடிக்கும் பாவம் இவ்வேகத்தில் 40 சட்டகங்களில் பதிவாகும். நொடிக்கு 25 சட்டகம் எடுக்கும் கேமராவில் ஐந்தே.

ஸ்ரீசிட்டி ஆய்வு

ஸ்ரீசிட்டியின் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 2013இல் தொடங்கப்பட்டது. அங்கு அப்போது ஆசிரியர்களாக இருந்த ஷிவ்ராம் துபே, ஸ்னேஹாசிஸ் முகர்ஜி உள்ளிட்ட நால்வர் 2019இல் இரு நரம்பு வலையமைப்புகளை முன்வைத்தனர். சாதாரணக் கன்வலூஷன் வலையமைப்பு ஒரு நேரத்தில் ஒரு படத்தையே பார்க்கும். இவர்களுடைய முப்பரிமாண வலையமைப்பு நீளம், அகலத்தோடு காலத்தையும் சேர்த்துப் பார்ப்பதால், அசைவு வளர்ந்து அடங்குவதையே பாடமாகக் கற்றது. ஒரு வலையமைப்புக்கு முழு முகத்தையும், மற்றதற்குக் கண்ணையும் வாயையும் தனித்தனியே கொடுத்து அவற்றை இணைத்தனர். ஸ்மிக் தொகுப்பிலும் ஒரு சீனத் தொகுப்பிலும் சோதித்தபோது, முழு முகத்தைப் பார்த்த வலையமைப்பே முந்தியது. கன்னம், நெற்றி ஆகியவற்றின் அசைவுக்கும் பொருளுண்டு என்பதை இது உணர்த்துகிறது.

பயனும் எல்லையும்

முகத்தின் நொடிநேர அசைவை அளப்பது வேறு. அதைக் கொண்டு ஒருவர் பொய் சொல்கிறார் எனத் தீர்ப்பளிப்பது வேறு. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தைக் குறிகளைப் பார்த்துச் சந்தேகத்துக்குரியவரைப் பிரிக்கும் திட்டத்துக்குப் போதிய சான்றில்லை என்று அந்நாட்டு அரசுப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2013இல் கூறி, நிதியைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளை ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் தடைசெய்துள்ளது. சில பத்து முகங்களிலிருந்து கற்ற கணினியிடம் கோடிக்கணக்கானோரைப் பற்றிய தீர்ப்பை ஒப்படைப்பது அநீதி. பல வயதினர், பல மொழியினர், பல நிறத்தினர் ஒப்புதலோடு பங்கேற்கும் பதிவுகள் பெருகுவதே இத்துறையின் முதல் தேவை.