சின்னப் படம் பெரிதாகும் கதை



எங்கள் வீடுகள் பலவற்றில் ஒரு சின்னப் படம் இருக்கும். அடையாள அட்டைக்கு எடுத்ததாக இருக்கலாம், கலியாணக் குழுப் படத்தில் வெட்டியதாக இருக்கலாம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எத்தனையோ அல்பங்கள் வீட்டோடு நின்றுவிட்டன. கையோடு வந்தது ஒன்றோ இரண்டோதான். அப்படிப்பட்ட படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டும் ஆசைதான் புரொஜெக்டரையும் எயார்பிரஷையும் ஒன்றாகச் சேர்த்தது. அந்தக் கதை இந்த வளைகுடாவின் தலைமாட்டில், பஸ்ராவில் பிறந்த ஒருவரோடு தொடங்குகிறது.

அவர் இப்னு அல்-ஹைதம். 965 அளவில் பிறந்தவர், பின்னர் கெய்ரோவில் வாழ்ந்து ஒளியியல் நூல் எழுதினார். ஒரு சிறு துளைக்கு முன்னால் பல விளக்குகளை வைத்தால், துளைக்கு அப்பால் உள்ள இருட்டறையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒளிப்பொட்டு விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதன் பொட்டு மட்டும் மறையும். ஒளி நேர்கோட்டில் போகிறது, வழியில் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்று இதனால் காட்டினார். ஒரு முகத்தின் கண்ணும் மூக்கும் இடம் மாறாமல் சுவரில் விழுவது அதனால்தான். 2003இல் ஈராக் வெளியிட்ட 10,000 தினார் தாளில் இவருடைய உருவம் உண்டு. கணக்குத் தொழிலில் இருப்பவனுக்கு அது முதலில் கண்ணில் பட்டதில் புதுமை இல்லை.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். 1857இல் பால்ரிமோர் ஓவியர் டேவிட் வூட்வார்ட், சூரிய ஒளியால் புகைப்பட நெகட்டிவைப் பெரிதாக எறியும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஓவியர்கள் அதன்மேல் கோடு பிடித்தார்கள். இப்படிப் பெருப்பித்த படங்கள் மங்கலாக இருந்தன, கையால் திருத்த வேண்டியிருந்தது. 1879 அளவில் அயோவாவில் அப்னர் பீலர், காற்றழுத்தத்தால் வர்ணம் தூவும் கருவியை உருவாக்கினார். 1893இல் சார்ல்ஸ் பேர்டிக் அதைப் பேனாபோல் பிடிக்கும் வடிவுக்குக் கொண்டுவந்தார். எயார்பிரஷுக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, ஸ்ரூடியோவில் முகம் திருத்துவதுதான்.

"படத்தை எறிந்து கோடு போடுவது கள்ளவேலை இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். ஓட்ரி ஃப்ளாக் என்ற அமெரிக்க ஓவியர் 1969–70இல் ஸ்லைட்டைத் துணியில் எறிந்தே ஒரு குடும்பத்தின் ஓவியத்தைத் தீட்டினார். சக் க்ளோஸ் 1968இல் முடித்த 9 அடி அளவான தன் முகத்துக்குக் கட்டம் போட்டார், பின் எயார்பிரஷால் தீட்டினார். சென்னை சினிமா பனர் ஓவியர்களின் வழியும் கட்டமாகத்தான் இருந்தது. 1930களில் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை தீட்டித் தொடங்கிய எம். எஃப். ஹுசைன், 2006இல் இந்தியாவை விட்டு வந்து இந்த வளைகுடாவில் வாழ்ந்தார், 2010இல் கட்டார் பிரஜையானார். கட்டமோ ஒளியோ, இடத்தை மட்டும்தான் காட்டும். முகத்தைக் கைதான் கொண்டுவர வேண்டும்.

செய்கிறவர்களுக்குச் சில விடயங்கள். தூரத்தை இரட்டித்தால் படம் இரட்டிக்கும், வெளிச்சம் கால்பங்காகும்; ஆகவே அறை நல்ல இருட்டாக வேண்டும். புரொஜெக்டர் சரிந்து நின்றால் நாடி அகன்றுவிடும். எறிந்த படத்தின் மேல் அகலத்தையும் கீழ் அகலத்தையும் அளந்து பாருங்கள். கண்முனை, மூக்குத்துளை, உதட்டுக்கோடு, தலைமயிர் எல்லை ஆகியவற்றை மட்டும் மெல்லிய பென்சிலால் குறியுங்கள். அழுத்திக் கீறினால் எயார்பிரஷின் மெல்லிய வர்ணத்துக்குள்ளால் கோடு தெரியும். குறித்து முடித்ததும் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துத் தீட்டுங்கள்.

முக்கியமானது இனித்தான். படம் பெருக்கும்போது பிழையும் பெருக்கும். கன்னத்தில் பட்ட ஈரக்கறை மச்சமாகிவிடும், மடிப்பு, தழும்பாகிவிடும். அது எது என்று புரொஜெக்டருக்குத் தெரியாது. அந்த முகத்தைக் கண்டு பழகியவருக்குத்தான் தெரியும். கடையில் கொடுத்துச் செய்வித்தாலும், கணினியில் திருத்தினாலும் இதே கதைதான்.

ஆகவே படத்தைப் பெருக்க முன் ஒரு பெரியம்மாவையோ மாமாவையோ பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் படத்தை வைக்கும் உறையில் எழுதுங்கள். படம் இன்னும் பல காலம் இருக்கும். சொல்லக்கூடியவர்கள் அவ்வளவு காலம் இருக்கமாட்டார்கள்.