“உங்களுக்கெல்லாம் அது பிறவியிலேயே வருமாமே?”

ஓய்வுபெற்ற கால்பந்து வீரர் ஒருவர் கையில் கிடைத்தால் ரசிகர்கள் என்ன கேட்பார்கள்? காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், தினமும் எவ்வளவு தூரம் ஓடினீர்கள், யாரைத் தடுப்பது பெரும்பாடாக இருந்தது. பிரான்ஸ் நாட்டின் லிலியான் துராமிடமும் இதையெல்லாம் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் 2008இல் ஆட்டத்தை நிறுத்தி, அதே ஆண்டு இனவெறிக்கு எதிரான கல்விக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கிய பிறகு, அவர் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் பள்ளிக்கூட வகுப்பறை. அங்கே அவர் பதில் சொல்வதோடு நிற்பதில்லை, திருப்பிக் கேட்கிறார். மனிதர்களில் எத்தனை இனம்? வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்று பிள்ளைகள் அடுக்குகிறார்கள். சரி, யாருக்கு எது நன்றாக வரும்? கறுப்பர்கள் நன்றாக ஓடுவார்கள், விளையாட்டில் பலசாலிகள் என்று பதில் வருகிறது.

பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். துராம் அந்தப் பாராட்டைத்தான் விடாமல் பிடித்துக்கொள்கிறார்.

இந்தப் பாராட்டு நமக்கும் பழக்கமானதுதான், தோழர்களே. “உங்க ஆளுங்களுக்கு உடம்பு இரும்பு மாதிரி, வெயில் மழை எதுவும் ஒண்ணும் பண்ணாது” என்று களத்துமேட்டில் சொன்னார்கள். இன்று விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் நின்று சொல்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கும் இந்தச் சொல் எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதைத்தான் இங்கே பேச நினைக்கிறோம்.

துராம் பிறந்தது 1972இல், கரீபியக் கடலில் பிரான்சின் ஆளுகையில் இருக்கும் குவாதலூப் தீவில். கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய தீவு அது. ஐந்து பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்த அம்மா, பாரிஸ் பக்கம் போய் துப்புரவு வேலை பார்த்தார். 1981இல் ஒன்பது வயதில் துராமும் அங்கே போனார். அப்போது தொலைக்காட்சியில் மாடுகள் பேசும் ஒரு கார்ட்டூன் வந்துகொண்டிருந்தது. அவருடைய நினைவில் அதில் இரண்டு மாடுகள்: கறுப்பு மாடு மண்டு, வெள்ளை மாடு புத்திசாலி. வகுப்பில் பிள்ளைகள் அவரை அந்தக் கறுப்பு மாட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஏன் என்று கேட்டார். உலகம் அப்படித்தான், மாறாது என்பதைத் தவிர அம்மாவிடம் பதில் இல்லை. தான் பிறக்கும்போது கறுப்பனாகப் பிறக்கவில்லை, ஒன்பது வயதில்தான் கறுப்பனாக ஆக்கப்பட்டேன் என்று துராம் பிறகு பல மேடைகளில் சொன்னார். எந்த வயதில், யார் வாயிலிருந்து, எந்தத் தெருவில் வைத்து நம் சாதி நமக்குச் சொல்லப்பட்டது என்பதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆகவே இதற்கு விளக்கம் தேவையில்லை.

முதலில் அவர் ஆடியது போர்த்துக்கீசியக் குடியேறிகள் நடத்திய ஃபொன்தேன்புளோ ஊர்க் கிளப்பில். பிறகு மொனாக்கோ. அங்கே ஆர்சென் வெங்கர் பயிற்சியாளர். 1996இல் இத்தாலிக்குப் போய் பார்மாவில் ஐந்து ஆண்டு, யுவென்டஸில் ஐந்து ஆண்டு ஆடினார். இத்தாலியில் தடுப்பாட்டம் ஒரு தனிப் படிப்பு. நல்ல டிஃபெண்டரின் திறமை ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பதில் இல்லை. ஓட வேண்டிய தேவையே வராத இடத்தில் முன்கூட்டி நிற்பதில் இருக்கிறது. பந்து எங்கே வரும், பக்கத்தில் நிற்பவன் எப்போது முன்னேறுவான் என்று தொண்ணூறு நிமிடமும் மூளை கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கணக்கு ஒருமுறை தப்பினால் கோல்.

அப்படித் தப்பியதும் உண்டு. 1998 ஜூலை 8, உலகக் கோப்பை அரையிறுதி, குரோஷியாவுடன் ஆட்டம். இடைவேளை முடிந்து வந்த உடனே டாவோர் ஷூகர் கோல் போட்டார். மற்ற டிஃபெண்டர்கள் முன்னேறியபோது துராம் ஒருவர் மட்டும் பின்தங்கி நின்றார், அதனால்தான் ஷூகர் ஆஃப்சைடு ஆகவில்லை. தப்பு அவருடையது. அடுத்த நிமிடமே போபனிடமிருந்து பந்தைப் பறித்து, ஜோர்காயெஃபோடு பரிமாறிக்கொண்டு போய் சமன் செய்தார். எழுபதாவது நிமிட வாக்கில் இடது காலால் இன்னொன்று. பிரான்சுக்காக 142 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர் அவர், 2022 வரை அதுதான் பிரான்சின் சாதனை. அத்தனை ஆட்டத்திலும் அவர் அடித்த கோல் இரண்டே இரண்டு, இரண்டும் அந்த ஒரே இரவில். இரண்டாவது கோலுக்குப் பிறகு மண்டியிட்டு, உதட்டில் விரலை வைத்து, எதையோ யோசிப்பவர் போல உட்கார்ந்திருந்தார். பிரான்சில் அந்தப் படத்தைத் தெரியாதவர் குறைவு. இதில் “பிறவி” எங்கே இருக்கிறது? செய்த தவறைப் படித்துத் திருத்திக்கொண்ட ஒரு மூளை இருக்கிறது.

அதே அணியில் இருந்தவர் கிறிஸ்தியான் கரம்பூ. பசிபிக்கில் இருக்கும் நியூ கலிடோனியாவின் கனாக் பழங்குடி மக்களில் ஒருவர். 1931இல் பாரிசில் பெரிய காலனியக் கண்காட்சி நடந்தபோது, நூறு பேர் அளவுக்குக் கனாக் மக்களைக் கப்பலில் கொண்டுவந்து, நகரத்தின் மிருகக்காட்சிப் பூங்கா ஒன்றில் வேலிக்குள் நிறுத்தி, நரமாமிசம் தின்னும் காட்டுமிராண்டிகள் என்று எழுதிவைத்துக் காட்டினார்கள். ஜெர்மனியிலிருந்து முதலைகளைக் கொண்டுவர வேண்டியிருந்தபோது, அதற்கு ஈடாக இவர்களில் ஒரு பகுதியினரை அங்கே அனுப்பினார்கள். அப்படிக் காட்சிக்கு வைக்கப்பட்டவர்களில் கரம்பூவின் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். 1931க்கும் 1998க்கும் இடையே வெறும் 67 ஆண்டு. கொள்ளுத்தாத்தாவின் உடம்பைக் காசு கொடுத்துப் பார்த்த நகரம் கொள்ளுப்பேரனின் உடம்பைக் கைதட்டிப் பார்த்தது. துராம் 2011இல் இதே பாரிசில், க்வே பிரான்லி அருங்காட்சியகத்தில், மனிதக் காட்சிச்சாலைகளின் வரலாற்றை ஒரு பெரிய கண்காட்சியாக முன்னின்று வைத்தார். கால்பந்து வீரருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் அந்தச் சுவர்களில் தொங்கியது. உடம்பை வியப்பதும் அறிவை மறுப்பதும் இரண்டு வேலை அல்ல, ஒன்றேதான். தோட்டத்துக்கு ஆள் பிடித்தவனுக்கு வலுவான உடம்பு வேண்டியிருந்தது. அந்த உடம்புக்குள் ஒரு புத்தி இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் அவனால் விற்க முடியாது, வாங்கவும் முடியாது.

நம் நாட்டில் இதற்குத் தூரம் போக வேண்டாம். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் மாதம் நாலு ரூபாய்ச் சம்பளத்துக்கு மைதானம் உருட்டிக்கொண்டிருந்தார் பல்வாங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்தவர். கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் தன் பேட்டிங்கைத் தீட்டிக்கொள்ள அவரைத் தினமும் மணிக்கணக்கில் பந்து வீசச் சொன்னார். ஒவ்வொரு முறை அவுட் ஆக்கினாலும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. எட்டணா கதையைப் பலரும் ரசித்து எழுதுகிறார்கள். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது: அத்தனை காலம் வலையில் நின்ற பாலுவின் கையில் ஒருமுறைகூட மட்டையைக் கொடுக்கவில்லை. வீசுவது கூலி வேலை, அடிப்பது துரைமார் வேலை. 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் அவர் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் பம்பாயின் இந்து அணிக்குக் கேப்டனாக அவரைக் கடைசிவரை ஆக்கவில்லை. உடன் ஆடிய சாதி இந்துக்கள் பீங்கான் கோப்பையில் தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்த காலமும் இருந்தது. தம்பி விட்டல் 1923இல் கேப்டன் ஆனார், அதுவும் சண்டை போட்டுத்தான். (பின்னாளில் பாலு பூனா ஒப்பந்த விஷயத்தில் அண்ணல் அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றதும், 1937 தேர்தலில் அண்ணலிடம் தோற்றதும் நமக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் அவருடைய பந்துவீச்சை மறந்துவிடக் கூடாது.)

யார் வீசுவது, யார் அடிப்பது, யார் தலைமை தாங்குவது என்ற பங்கீடு திறமையைப் பார்த்து நடப்பதில்லை. அமெரிக்காவில் லாய், மெக்கல்வோக் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இலேயே இதை எண்ணிக் காட்டினார்கள்: ஆட்டத்தின் நடுவே நின்று முடிவெடுக்கும் இடங்களில் வெள்ளையர், ஓரத்தில் ஓட வேண்டிய இடங்களில் கறுப்பர். பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2020இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு நிறுவனம், ஐரோப்பாவின் நான்கு பெரிய லீக்குகளில் 80 ஆட்டங்களின் வர்ணனையை எடுத்து, வர்ணனையாளர்கள் வீரர்களைப் பற்றிச் சொன்ன 2,073 கூற்றுகளைப் பிரித்துப் பார்த்தது. உடல் வலுவைப் பற்றிப் பேசும்போது அது கருநிற வீரரைப் பற்றியதாக இருக்கும் வாய்ப்பு ஆறரை மடங்கு அதிகம். வேகம் பற்றி என்றால் மூன்று மடங்குக்கு மேல். புத்திசாலித்தனத்துக்கான பாராட்டில் அறுபது சதவீதத்துக்கு மேல் வெளிர்நிற வீரர்களுக்குப் போனது.

வர்ணனைதானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று தோன்றலாம். அந்தப் பேச்சு பயிற்சி மையத்தின் வாசலில் போய் எப்படி நிற்கிறது என்பதற்கு 2011 சாட்சி. முந்தைய ஆண்டு நவம்பரில் பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் அதிகாரிகள் மூடிய அறையில் கூடிப் பேசியதன் ஒலிப்பதிவு மீடியாபார்ட் இணைய இதழ் வழியே வெளியே வந்தது. 12, 13 வயதுப் பையன்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கும்போது, இரட்டைக் குடியுரிமைக்கு வாய்ப்புள்ளவர்களுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாமா என்பது பேச்சு. இங்கே பயிற்சி பெற்றுவிட்டு அல்ஜீரியாவுக்கும் செனகலுக்கும் ஆடப் போய்விடுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை. நாம் உருவாக்குவது எப்போதும் பெரிய, வலுவான உடம்புக்காரர்களையே. அப்படி இருப்பவர்கள் யார், கறுப்பர்கள்தான் என்று போனது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர் தேசிய அணியின் பயிற்சியாளர் லோரான் பிளான். 1998 அரையிறுதியில் துராமோடு சேர்ந்து தடுப்பாட்டம் ஆடி, சிவப்பு அட்டை வாங்கி, இறுதி ஆட்டத்தை இழந்த அதே பிளான்.

பிளான் மன்னிப்புக் கேட்டார், தன்னிடம் இனவெறி இல்லை என்றார். அரசு விசாரணையில் சட்டமீறல் இல்லை என்று முடிவானது, உச்சவரம்பும் நடைமுறைக்கு வரவில்லை. 1998 அணியின் பழைய தோழர்கள் சிலர் அவர் பக்கம் நின்றார்கள். துராம் நிற்கவில்லை. சேர்ந்து கோப்பை வாங்கியவரை எதிர்த்துப் பகிரங்கமாகப் பேசுவது எவ்வளவு கடினம் என்பது இயக்கங்களில் இருக்கும் நமக்குத் தெரியும்.

அந்த ஒலிப்பதிவில் எங்களை உறுத்துவது வேறொன்று. பதின்மூன்று வயதில் சீக்கிரம் வளர்ந்துவிட்ட, உயரமான பையன்களைத் தேடித் தேடி எடுத்தது யார்? பயிற்சியாளர்கள். சின்ன உடம்போடு சூட்டிகையாக ஆடிய கறுப்புப் பையனை வீட்டுக்கு அனுப்பியது யார்? அதே பயிற்சியாளர்கள். தாங்களே சலித்து எடுத்துவிட்டு, சல்லடையில் நின்றதைப் பார்த்து “இவர்கள் இனமே இப்படி” என்கிறார்கள். நம் கல்லூரிகளில் “தகுதி” என்று நடக்கும் பேச்சின் கணக்கும் இதுதான்.

துராம் இப்படிப் பேசுவது திடீரென்று வந்ததல்ல. 2005 அக்டோபர் இறுதியில், பாரிசின் புறநகரான கிளிஷி-சு-புவாவில் கால்பந்து ஆடிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த 17 வயது, 15 வயதுப் பையன்கள் இருவர், போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளியப் போய் மின்சாரம் தாக்கிச் செத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் உள்துறை அமைச்சர் சர்கோசி புறநகர் இளைஞர்களைக் கழிசடைகள் என்ற பொருளில் பேசியிருந்தார். நானும் அந்தப் புறநகரில் வளர்ந்தவன்தான் என்று துராம், தேசிய அணியில் இருந்துகொண்டே, அமைச்சருக்குப் பதில் சொன்னார். அடுத்த ஆண்டு, காஷானில் தங்கியிருந்த கட்டடத்திலிருந்து போலீசால் விரட்டப்பட்ட குடியேறிகள் பலரை அவரும் பத்ரிக் வியேராவும் இத்தாலியுடனான ஆட்டத்துக்கு அழைத்து உட்காரவைத்தார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே பேசியவர் என்பதால்தான் ஓய்வுக்குப் பிறகு பேசுவதற்கு மதிப்பு இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவர் வாசிப்பு வட்டத்தில் துராமின் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி நாங்கள் கேட்டோம்: உங்கள் பள்ளிக்கூடத்தில் எந்த விளையாட்டுக்கு யாரைக் கூப்பிட்டார்கள்? முதலில் யாரும் பேசவில்லை. பிறகு முதலாமாண்டு படிக்கும் ஒரு பெண் சொன்னாள். ஓட்டப் பந்தயம், நீளம் தாண்டுதல் என்றால் பி.டி. மாஸ்டர் நேராகக் காலனிப் பிள்ளைகளின் பெயரைத்தான் எழுதுவாராம். “நீங்கதான்டா நல்லா ஓடுவீங்க” என்பாராம். அவளும் ஓடினாள், மாவட்ட அளவில் சான்றிதழ் இருக்கிறது. அதே அறையில் ஒரு பச்சை அலமாரிக்குள் செஸ் பலகைகள் ஆறு இருந்தன. ஏழு ஆண்டு அந்தப் பள்ளியில் படித்தும் அந்த அலமாரி தனக்காக ஒருநாளும் திறக்கவில்லை என்றாள். ஓடத் தெரியும் என்பதால் தன்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை போல என்று சிரித்தாள்.

பேச்சு முடிந்து கிளம்பும்போது, பத்தொன்பது வயதில் செஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்தால் சிரிப்பார்களா அண்ணா என்று எங்களில் ஒருவரிடம் கேட்டாள். அடுத்த வாரம் வட்டத்துக்கு வந்த தோழர் ஒருவர் பையில் ஒரு பலகை கொண்டுவந்தார். காய்களில் ஒரு குதிரை குறைந்தது. அதற்குப் பதில் ஒரு பேனா மூடியை வைத்து ஆடினார்கள்.